விட்டுவிடுவதற்காகப் பிடிப்பது

ஃப்ளை ஃபிஷிங் என்கிற பூச்சித் தூண்டில் கலையைக் கற்க வருகிறவருக்கு முதல் பாடம் பெரும்பாலும் தண்ணீரில் நடப்பதில்லை. புல்தரையில் நடக்கிறது. நரம்பின் நுனியில் முள் இருக்காது; ஒரு துணுக்கு வண்ணக் கம்பளி நூல்தான் கட்டியிருக்கும். நம் ஊர்க் குளங்களில் மண்புழுவைக் கோத்து எறிகிறபோது ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே கதை தலைகீழ். இறகும் ரோமமும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி கனம் கிடையாது. கனமெல்லாம் மேற்பூச்சு ஏற்றிய தடித்த வீச்சுக் கயிற்றில் இருக்கிறது. அதைப் பின்னால் வீசி, காற்றில் முழுக்க விரிந்து நீளும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். வளைந்த கழி அந்த விசையைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. கையைச் சட்டென்று நிறுத்தியதும் திருப்பித் தருகிறது. புதியவர்கள் அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பலத்தைப் போடுகிறார்கள், பொறுப்பதில்லை. பலம் கூடக்கூட வீச்சு குலைந்து கயிறு காலடியில் சுருண்டு விழுகிறது.

ஆற்றங்கரைக்கு வந்த பிறகும் நல்ல ஆசிரியர் உடனே வீச விடமாட்டார், பார்க்கச் சொல்வார். ட்ரவுட் மீன் நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோட்டிலோ, பாறைக்குப் பின்னால் தணிந்திருக்கும் நீரிலோ, குறைந்த உழைப்பில் அதிக இரை வந்து சேரும் இடமாகத் தேர்ந்து நிற்கும். ஆற்றடிக் கல்லைப் புரட்டினால் மேஃப்ளையின் இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓராண்டு, சில இனங்களில் இரண்டாண்டு, அவை நீருக்கடியில் வாழ்கின்றன. இறகு முளைத்து மேலே வந்த பிறகு உண்ண வாயே இல்லாமல் சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, கூடி, முட்டையிட்டு மடிகின்றன. எந்த மாதத்தில், எந்த வெளிச்சத்தில், எந்தப் பூச்சி மேலே வருகிறது என்று அறியாதவர் வீசும் பொய்ப்பூச்சியை மீன் பெரும்பாலும் சட்டை செய்யாது. அறிந்தாலும் போதாது. ஓட்டம் கயிற்றை இழுத்து, பூச்சி நீரைவிட ஒரு விரற்கடை வேகமாக நகர்ந்துவிட்டால் மீன் விலகிவிடும். அதனால் கயிற்றைத் தூக்கி மேலோட்டத்தின் பக்கம் மடித்துப் போட்டு, மறுமுனையில் ஒரு மனிதக் கை இருக்கும் சுவடே தெரியாமல் பூச்சியை மிதக்கவிட வேண்டும். தன்னை மறைத்துக்கொள்ளக் கற்பது என்று சொன்னால் ஆன்மிக மிகையாகத் தோன்றலாம். நடைமுறையில் நடப்பது அதுதான்.

இப்படிப்பட்ட பயிற்சி சமய மொழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் தூண்டில் பற்றி அச்சான முதல் நூல் 1496இல் வந்தது; ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியர்மடத் தலைவியின் பெயரில் வழங்கப்படுவது. எந்தெந்த மாதத்துக்கு எந்தெந்தப் பொய்ப்பூச்சி என்று பன்னிரண்டைப் பட்டியலிடும் அந்தச் சிறுநூல், பேராசையோடு மீனை அள்ளாதே என்றும் எச்சரிக்கிறது. ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ வெளிவந்தது 1653இல். உள்நாட்டுப் போர் முடிந்து, மன்னரின் தலை வெட்டப்பட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபை ஒடுக்கப்பட்டிருந்த காலம். அந்தச் சபையின் விசுவாசியான வால்டனுக்கு ஆற்றங்கரை ஒரு மாற்றுக் கோயிலாக இருந்தது. ஏசுவின் சீடர்களில் நால்வர் மீனவர் என்பதை அவர் பெருமையோடு சுட்டுகிறார். (அவர்கள் வலைக்காரர்கள், நற்செய்தி நூல்களில் தூண்டில் வருவது, பேதுரு மீன் வாயிலிருந்து வரிக்காசு எடுக்கும் ஓரிடத்தில்தான்.) 1976இல் நார்மன் மக்லீன் எழுதிய மொன்டானா கதையில் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஒருவர் தன் இரு மகன்களுக்கும் வேதத்தையும் தூண்டில் வீச்சையும் ஒரே கண்டிப்போடு கற்பிக்கிறார். இந்த மரபை யாராவது தத்துவமாகத் தாங்கிப்பிடிக்க விரும்பினால் பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வேயிடம் போகலாம். கலப்பற்ற கவனமே பிரார்த்தனை என்று கருதியவர் அவர். அப்படியானால் மிதக்கும் ஒரு சிறு பூச்சியின்மேல் மனத்தை முழுவதும் குவித்து நிற்பவர் பிரார்த்தனையின் வாசலில் நிற்கிறார் என்று சொல்ல இடமிருக்கிறது.

ஆனால் இந்தக் கவனத்தின் மறுமுனையில் முள் இருக்கிறது. அது போய்த் தைப்பது ஓர் உயிரின் வாயில். வால்டனே இதற்குச் சாட்சி. பைக் என்னும் கொன்றுண்ணி மீனுக்கு உயிருள்ள தவளையைக் கோக்கும் முறையை விளக்கும் இடத்தில், முள்ளை அதன் வாய்வழியே செலுத்தவும் காலைத் தைத்துக் கட்டவும் சொல்லிவிட்டு, அதைப் பரிவோடு கையாளவும் சொல்கிறார். பரிவின் நோக்கம் தவளை இன்னும் சற்று நேரம் உயிரோடிருந்து இரையாக உதவ வேண்டும் என்பது. பைரன் 1823இல் ‘டான் ஹுவான்’ காவியத்தின் பதின்மூன்றாம் காண்டத்தில் வால்டனை இதற்காகவே கிழித்தெறிந்தார். தூண்டில்காரர் நல்லவராக இருக்கவே முடியாது என்ற அளவுக்குப் போனார். பைரனின் கோபத்தில் நாடகம் அதிகம். ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி நிற்கிறது: இவ்வளவு நுட்பமான கவனமும் பொறுமையும் பணிவும் ஒரு மனிதரிடம் வளர்கின்றன என்றால், அதற்காக இன்னோர் உயிரை வதைப்பது நியாயமாகிவிடுமா?

இக்காலத் தூண்டில்காரர்கள் இதற்குத் தயாராக வைத்திருக்கும் பதில், பிடித்ததை விட்டுவிடுவது. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதியவருக்குக் கற்பிக்கப்படும் ஒழுக்கம் ஏறக்குறைய இதுதான். முள்ளில் மீன் நழுவாதபடி எதிர்ப்பக்கமாகச் சீவியிருக்கும் சிறு கூர்முனையை நசுக்கிவிட வேண்டும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேனியைக் காக்கும் வழவழப்பு உரிந்துவிடும். நீரைவிட்டு மேலே தூக்கக் கூடாது. நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வீசுவதை நிறுத்த வேண்டும், ஏனென்றால் வெதுவெதுப்பான நீரில் களைத்த ட்ரவுட் மீள்வது கடினம். புழுவை விழுங்கிய மீனைவிடப் பொய்ப்பூச்சியை உதட்டில் வாங்கிய மீன் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதும் உண்மை. இவையெல்லாம் நல்ல விதிகள். ஆனால் இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவரான லீ வுல்ஃப் 1939இல் தம் கையேட்டில் சொன்ன காரணத்தில் கருணை என்ற பேச்சு முன்னே நிற்கவில்லை. ஒரே மீனைப் பலரும் பலமுறை பிடித்து மகிழ முடியும்போது, ஒருமுறை பிடித்ததுமே கொல்வது வீண் என்பது அவர் வாதம். மீனைக் காப்பதற்கான கணக்கு அது; மீனின் பக்கத்திலிருந்து போட்ட கணக்காகாது. பின்னாளில் இந்தச் சிக்கனம் மெல்ல மெல்ல அறமாக உடை மாற்றிக்கொண்டது. இன்று சில ஆற்றங்கரைகளில் ஒரு ட்ரவுட்டைச் சமைக்க எடுத்துச் செல்பவர் பாவம் செய்தவரைப் போலப் பார்க்கப்படுகிறார். என் கருத்து இதற்கு எதிரானது. உண்பதற்காகப் பிடித்துக் கொல்வதைவிட, விட்டுவிடுவதற்காகவே பிடிப்பதுதான் அறத்தின் முன்னால் பதில் சொல்ல அதிகம் திணற வேண்டியது. அகிம்சையை உயர்த்திப் பேசும் நம் மரபில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் முரணாகத் தோன்றக்கூடும்.

மீனுக்கு வலிக்குமா என்பதிலிருந்து தொடங்கலாம். 2003இல் எடின்பரோ அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வகத்தில் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் ரெயின்போ ட்ரவுட்டின் முகத்திலும் தலையிலும் 58 உணர்முனைகளைச் சோதித்து, அவற்றில் 22 காயத்தை உணரும் வகையைச் சேர்ந்தவை என்று கண்டார்கள். உதட்டில் தேனீ விஷமோ அசிட்டிக் அமிலமோ ஏற்றப்பட்ட மீன்கள் வெகுநேரம் இரையெடுக்கவில்லை, மூச்சு வேகமானது, அடித்தரையில் அமர்ந்து பக்கவாட்டில் ஆடின, அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது இந்த நடத்தைகள் குறைந்தன. மறுபக்கம், அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ரோஸ் 2002இலேயே வேறு விதமாக வாதிட்டிருந்தார்: வலியை வலியாக அறிவதற்குப் பெருமூளைப் புறணி வேண்டும், மீனுக்கு அது இல்லை, ஆகவே நாம் காண்பது அனிச்சை எதிர்வினைதான். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் பறவைகளின் மூளையிலும் பாலூட்டிகளைப் போன்ற அடுக்குப் புறணி இல்லை, அதற்காகக் காகத்துக்கு வலியில்லை என்று யாரும் துணிந்து சொல்வதில்லை. ‘பிடித்து விட்ட மீன் அன்றே மறுபடி கவ்வுகிறதே’ என்பார்கள். பசி வலியை மிஞ்சும் என்பதற்கு மனிதர்களிடமே சான்றுகள் ஏராளம். விவாதம் முடிந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. முடியாத விவாதத்தில் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் கேள்வி; விளையாடுகிறவருக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வலியை ஒதுக்கிவிட்டாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. தூண்டில்காரர் எதற்காகப் பணமும் நேரமும் செலவிடுகிறார்? கழி வளைந்து, சுருளி கத்த, நரம்பின் மறுமுனையில் ஓர் உயிர் முரண்டுகிறதே, அந்த இழுப்புக்காக. முள் பட்டதும் மீன் கட்டையைப் போல மிதந்து வந்தால் இந்த விளையாட்டை யாரும் ஆடமாட்டார்கள். அதாவது மீனின் விருப்பமின்மைதான் இங்கே இன்பத்தின் மூலப்பொருள். மீனுக்கு எதுவும் தெரியாது, அது வெறும் எதிர்வினை இயந்திரம் என்று பகலில் வாதிடுகிற அதே மனிதர், மாலையில் நண்பர்களிடம் அது எவ்வளவு வீரமாகப் போராடியது என்று வர்ணிக்கிறார். இரண்டில் ஒன்றை அவர் கைவிட்டாக வேண்டும்.

இனி, விடுவதன் புண்ணியம். நாகப்பட்டினத்து நுளையர் தலைவரான அதிபத்த நாயனார் தினமும் பிடிக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டதைப் பெரியபுராணம் சொல்கிறது. நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் கிடைத்த நாட்களிலும் அதை விட்டார். குடும்பம் பசியில் வாடியபோதும் விட்டார். கடைசியில் வலையில் ஏறிய பொன்மீனையும் விட்டார். அவர் விட்ட மீனுக்கு எடை இருந்தது, ஏனென்றால் அது அவருக்குத் தேவைப்பட்டது. தமக்குத் தேவையே இல்லாத மீனைப் பிடித்து, படம் எடுத்து, திருப்பி விடுகிறவர் எதைத் துறக்கிறார்? தாமே உண்டாக்கிய ஓர் ஆபத்திலிருந்து மீனை மீட்கிறார், அவ்வளவுதான். கிழக்காசிய பௌத்தத்தில் கூண்டுப் பறவைகளையும் தொட்டி மீன்களையும் விலைக்கு வாங்கி விடுதலை செய்யும் நோன்பு உண்டு. அதற்காகவே உயிர்களைப் பிடித்து விற்கும் கூட்டம் உருவானபோது, அந்த நோன்பின் உயிர் போய்விட்டதாகப் பௌத்தர்களே கண்டித்தார்கள். அங்கே பிடிப்பவரும் விடுபவரும் வேறு வேறு ஆட்கள் என்ற சாக்காவது இருந்தது.

சமண மரபிலிருந்து தூண்டில்காரருக்குச் சாதகமான வாதம் ஒன்றை எடுக்கலாம். நான் அறிந்த வாதங்களில் மிக நுட்பமானது அதுதான் என்பதால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்வதில்லை. பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அந்தச் செயலில் கலந்திருக்க வேண்டும் என்கிறது. கவனமாக அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி அகப்பட்டு இறந்தால் அது இம்சையாகாது. கவனமின்றி நடப்பவர் காலில் எதுவும் சாகாவிட்டாலும் அவர் இம்சையில் இருக்கிறார். அப்படியென்றால் உலகிலேயே மிக விழிப்பான செயல்களில் ஒன்றான பூச்சித் தூண்டில் எப்படி இம்சையாகும்? விடை உரைகளிலேயே இருக்கிறது. பூஜ்யபாதரின் உரை பிரமாதத்தைக் கஷாயத்தோடு, அதாவது ஆசை, கோபம், செருக்கு, வஞ்சகம் ஆகிய பற்றுகளோடு கூடிய நிலை என்று விளக்குகிறது. கண் திறந்திருப்பது மட்டும் விழிப்பாகிவிடாது. பதுங்கியிருக்கும் பூனைக்குக் கூட அது உண்டு. கவனம் எதை நோக்கிக் குவிகிறது, எதன்மேல் படாமல் தாண்டிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பூச்சியின் மிதப்பிலும் மீன் நிற்கும் கோணத்திலும் ஆழ்ந்திருக்கும் மனம், முள் தைத்தபின் அந்த வாய்க்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் பார்க்காமல் விடுகிறது. போதாக்குறைக்கு இது வஞ்சகத்தின் மேலேயே கட்டப்பட்ட கலை. பொய்ப்பூச்சி மெய்ப்பூச்சியாகத் தெரிவதில்தான் அதன் வெற்றி.

உண்பவரோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். குடும்பத்துக்கு இரண்டு மீன் போதும் என்றால் மூன்றாவதற்கு அவர் வீசமாட்டார். வயிறு ஓர் எல்லை வைக்கிறது, சட்டமும் வைக்கிறது. விடுகிறவருக்கு எல்லையே கிடையாது. ஒரே மாலையில் இருபது முப்பது மீன்களின் வாயில் முள் ஏற்றிவிட்டு, ஒன்றையும் கொல்லவில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்பலாம்; அவற்றில் சில பிறகு சாகும், அவர் கண்ணில் படாமல். ஜெர்மனியின் விலங்குநலச் சட்டம் தகுந்த காரணமின்றி எந்த விலங்குக்கும் வலி தரக் கூடாது என்கிறது; உணவு தகுந்த காரணம், வெறும் விளையாட்டு அப்படியல்ல என்று அங்கே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சுவிட்சர்லாந்து இன்னும் வெளிப்படை: மீண்டும் விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதை 2009 முதல் விதி போட்டே தடுத்திருக்கிறது. தற்செயலாக அகப்பட்ட சிறுமீனையும் காப்புப் பெற்ற இனத்தையும் விடலாம். விடுவதையே நோக்கமாகக் கொண்டு போகக் கூடாது. இந்தச் சட்டங்களைக் கேட்டு அமெரிக்கத் தூண்டில்காரர்கள் சிரிப்பதுண்டு, மீனைக் கொல்லச் சொல்லும் கருணையா என்று. சட்டம் கொல்லச் சொல்லவில்லை. உண்ண விருப்பமில்லையென்றால் தொடாதே என்கிறது.

இங்கே கனமான ஆட்சேபம் ஒன்று வருகிறது. ஸ்பானியத் தத்துவவாதி ஓர்தேகா இ கஸ்ஸெத் வேட்டை பற்றி 1942இல் எழுதிய நீண்ட முன்னுரையில், வேட்டைக்காரர் கொல்வதற்காக வேட்டையாடுவதில்லை, வேட்டை மெய்யானதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கொலை வருகிறது என்ற பொருளில் வாதிட்டார். துப்பாக்கிக்குப் பதில் கேமராவைத் தூக்குவது அவருக்கு வெறும் பாசாங்கு. தூண்டிலுக்கும் இதைச் சொல்லலாம். முள்ளை எடுத்துவிட்டால் கவனம் கூர் மழுங்கிவிடும், பணயம் இல்லாத இடத்தில் பிரார்த்தனையும் நடிப்பாகிவிடும் என்று. இதில் ஓரளவு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். விளைவு எதுவுமற்ற செயலில் மனம் தளர்வது இயல்பு. ஆனால் ஓர்தேகாவின் தர்க்கம் பிடித்து விடும் விளையாட்டைத்தான் முதலில் வீழ்த்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கண்ணில் அதுவும் பாசாங்கின் பக்கம்தான் விழும். மேலும், கவனத்துக்கு முள் தேவையே என்பதை அனுபவச் சான்று மறுக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் பூச்சித் தூண்டில் வீசுவதற்கென்றே 1930களில் கட்டிய குளங்கள் இருக்கின்றன. மீன் பிடிப்பதற்கு அங்கே இடமே இல்லை. மிதக்கும் வளையங்களை நோக்கி முள்ளற்ற நூல்துணுக்கை வீசும் கலையில் மனிதர்கள் வாழ்நாளையே செலவிட்டிருக்கிறார்கள், அதில் போட்டிகளும் உண்டு. கற்பதற்கு மிகக் கடினமான பகுதிகளான வீச்சு, நீரைப் படித்தல், பூச்சியை அறிதல், கயிற்றை மடித்தல் ஆகிய அனைத்தையும் ஒரு புதியவர் ஒரு மீனின் வாயைக்கூடக் கிழிக்காமல் கற்றுவிடுகிறார். மீன் ஏமாந்ததா இல்லையா என்பதே பணயம் என்றால் அதற்கும் முள் வேண்டாம்: நுனியை நறுக்கிய முள்ளோடு வீசுபவர்கள் இருக்கிறார்கள். மீன் மேலெழுந்து பூச்சியைக் கவ்வுகிறது, ஒரு கணம் நரம்பு விறைக்கிறது, துப்பிவிட்டுப் போகிறது. நீரைப் படித்தது சரியா, பூச்சியைத் தேர்ந்தது சரியா, வீச்சு சரியா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்தக் கணத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது கவனத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மல்யுத்தம்.

தாமே தடைகளை ஏற்றுக்கொள்வது இந்தக் கலைக்குப் புதிதுமல்ல. விளையாட்டு என்பதே தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்றுத் தாண்ட முயல்வது என்று தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வரையறுத்தார். பூச்சித் தூண்டிலுக்கு அதைவிடப் பொருத்தமான வரையறை இல்லை, வலை போட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஆறுகளான டெஸ்ட், இட்சென் கரைகளில் ஃப்ரெடரிக் ஹால்ஃபர்டின் சீடர்கள் மிதக்கும் பூச்சியை மட்டுமே, மேலோட்டம் நோக்கி மட்டுமே வீச வேண்டும் என்று சாதித்தார்கள். நீருக்கடியில் மூழ்கும் இளம்பூச்சியின் போலியைப் பயன்படுத்திய ஸ்க்யூஸ் 1938இல் லண்டன் தூண்டில்காரர் மன்றத்தில் அதற்காக விவாதக் கூண்டில் ஏற்றப்படாத குறையாக நின்றார். வடகலை தென்கலைச் சண்டையைக் கண்டவர்களுக்கு இந்தச் சூடு புரியும். பூச்சி மிதக்கிறதா மூழ்குகிறதா என்பதையே ஒழுக்கமாகக் கருத முடிந்த ஒரு மரபுக்கு, முள்ளின் நுனியை ஒழுக்கக் கேள்வியாக எடுத்துக்கொள்வது தாங்க முடியாத புதுமையாக இருக்காது.

‘ஆற்றைக் காப்பவர்களே நாங்கள்தான்’ என்பது அடுத்த ஆட்சேபம். இது வீண்பெருமை இல்லை. 1950களின் தொடக்கத்தில் டெர்பிஷைர் தூண்டில்காரர் சங்கம் ஒன்று டெர்வென்ட் ஆற்றைக் கெடுத்த தொழிற்சாலையையும் நகராட்சியையும் வழக்குமன்றத்துக்கு இழுத்து வென்றது. இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு அது. ‘ட்ரவுட் அன்லிமிடெட்’ அமைப்பு 1959இல் மிச்சிகனின் ஓ சாப்ள் ஆற்றங்கரையில் பிறந்தது. நம் காவிரியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கர்நாடகப் பகுதியில் நடந்த பிடித்து விடும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகள்தான், காவிரிக்கே உரிய திமில் மகசீர் எவ்வளவு வேகமாக மறைகிறது என்பதை ஆய்வாளர்களுக்குக் காட்டின. 2018இல் அந்த மீன் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டதில் அந்தக் குறிப்புகளுக்குப் பங்குண்டு. இந்த நன்மை உண்மையானது, முள்ளின் வழியாகவே வந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதே குறிப்புகள், திமில் மகசீர் குறைந்த காலத்தில் காவிரிக்கு வெளியிலிருந்து குஞ்சுப்பண்ணைகள் வழியாக விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதையும் காட்டின. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் ட்ரவுட் நீந்துவதும் பிரிட்டிஷ்காரர்களின் தூண்டில் ஆசையால்தான்; அந்த மலையோடைகளில் அதுவரை என்ன வாழ்ந்தது என்று கேட்க அந்த ஆசைக்கு நேரமிருக்கவில்லை. மீன்மேல் கொண்ட காதல் ஆற்றைக் காக்கவும் செய்யும், தனக்குப் பிடித்த மீனால் நிரப்பவும் செய்யும். ஆற்றுக்காக வழக்காடியவரை மதிக்கிறேன். அந்த மதிப்பைச் செல்லுச்சீட்டாகக் காட்டி அவர் முள்ளை நியாயப்படுத்த முடியாது.

இழுவைமடிகள் கோடிக்கணக்கில் மீன்களை மூச்சுத்திணறிச் சாகவிடும்போது ஒரு ட்ரவுட்டின் உதட்டைப் பற்றி என்ன பேச்சு என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம்: பெரிய தீங்கு இருப்பது சிறிய தீங்குக்கு அனுமதிச் சீட்டாகாது. ‘மீனையே கேட்டால் விடு என்றுதானே சொல்லும்’ என்பதற்கு மட்டும் பதில் வேண்டும். ஆம், பிடிபட்டுவிட்ட மீனுக்கு விடுதலைதான் நல்லது. பிடிக்கும் முன்னால் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருக்கும். எல்லோரும் கொன்று எடுத்துச் சென்றால் ஆறு காலியாகிவிடும் என்பதும் சரியே. அப்போது குறைய வேண்டியது வீசுபவர்களின் நாட்கள். சிமோன் வேய் பார்ப்பதும் உண்பதும் வெவ்வேறு செயல்களாக இருப்பதே மனித வாழ்வின் பெருந்துயரம் என்று கருதி, ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளில் ஒன்று கனியைத் தின்ன மற்றது பார்த்திருக்கும் உபநிடதக் காட்சியை எடுத்தாள்கிறார். பிடித்து விடுகிறவர் அந்த மரத்தில் மூன்றாவது பறவை: தின்னவும் இல்லை, பார்த்திருக்கவும் இல்லை, கொத்திவிட்டுப் போகிறது.

ஆகவே இந்தக் கலையைப் புதிதாகக் கற்க வருகிறவரிடம் இரண்டு வழிகளையும் முதலிலேயே வைத்துவிடுவது நேர்மை. பார்க்க விரும்பினால் முள்ளின் நுனியை நறுக்கிவிட்டு வாழ்நாள் முழுக்க வீசலாம், கலையில் ஒரு குறையும் வராது. உண்ண விரும்பினால் வேண்டிய அளவு பிடித்து, விரைவாகக் கொன்று, சமைக்கலாம். உயிரைக் கொன்று உண்பது தகுமா என்ற பழைய, பெரிய கேள்விக்கு அப்போது அவர் தம் சமயத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஏற்பப் பதில் தேடியாக வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் விடும் முறையை மட்டும் கற்பித்து அந்தக் கேள்வியைக் கடந்துவிடுகின்றன. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தூண்டில் உரிமம் பெறத் தேர்வு எழுத வேண்டும். பிடித்த மீனைத் தலையில் அடித்து நினைவிழக்கச் செய்து, உடனே கொல்லும் முறையும் அதன் பாடத்திட்டத்தில் உண்டு. மற்ற நாடுகளும் வீச்சைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே அந்தப் பாடத்தை நடத்தலாம்.